கடலை விட்டுவிட்டுத் திருவொற்றியூருக்கு வரலாறா?

வடசென்னைத் திருவொற்றியூரில் வரலாற்றுப் பலகைகள் வைக்கப்போகும் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தேரடிப் பக்கம் இருக்கும் என் ஸ்டூடியோவிலிருந்து நீங்கள் வாங்கிப்போன பழைய ஆல்பங்கள் போன வாரம் திரும்பி வந்தன. கோயில் படங்களை எடுத்துக்கொண்டு மீதியை ஒரு காக்கிக் கவரில் போட்டு, மேலே சிவப்பு மையில் ‘தேவையில்லை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். கவரைப் பிரித்தால் மீனவக் குப்பத்துப் படங்கள், கரையில் கட்டுமரம் ஏற்றும் படங்கள், ஷிப்ட் முடிந்து ஆட்கள் சைக்கிளோடு வெளியே வரும் கம்பெனி கேட் படங்கள். அதோடு பலகைகளில் அச்சாகப்போகும் வாசகத்தின் ஒரு பிரதியும் இருந்தது, ‘இறுதி’ என்று முத்திரை குத்தி. படித்தேன். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் வாசகப்படி இந்த ஊரின் கதை இப்படிப் போகிறது: பழமையான சிவத்தலம், மூவர் பாடியது, சுந்தரர் சங்கிலியாரை மணந்தது, 1708-இல் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த ஐந்து கிராமங்களில் ஒன்று, அப்புறம் 2021 பிப்ரவரி 14-இல் மெட்ரோ ரயில். நடுவில் முந்நூறு வருஷம். அந்த முந்நூறு வருஷத்தில் இந்த ஊரில் யாரும் பிறக்கவில்லையா, வேலைக்குப் போகவில்லையா, வீடு இழக்கவில்லையா? 1708-இல் கைமாறிய ஊர் நேராக மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் வந்து இறங்கிவிட்டதா?

கல்யாண மண்டபத்தில் நீங்கள் கூட்டிய கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். பலகைத்தொட்டிக் குப்பத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எழுந்து, ‘கடல் தின்ன தெருங்க பேரையாவது போடுங்க ஐயா’ என்று கேட்டபோது மேடையில் இருந்த ஒருவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் படிக்கிற பலகை, நல்லதாக நாலு விஷயம் இருக்கட்டும், அழுகை எதற்கு என்றார். கூட்டத்தில் சிலர் சிரிக்கவும் செய்தார்கள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அழவே இல்லை. தெருப்பெயர்தான் கேட்டார்.

கோயிலைப் பற்றி எழுதியதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. வடிவுடையம்மன் சந்நிதியில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இடிபட்டு வளர்ந்தவன்தான் நானும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ஆதிபுரீசுவரருக்குக் கவசம் எடுக்கும் அந்த மூன்று நாளும் கடையைப் பாதி நேரம் பூட்டிவிட்டு வரிசையில் நிற்கிற ஆள். ஆனால் கோயிலையே நீங்கள் ஒழுங்காக எழுதவில்லை என்பதுதான் என் குறை. ராஜேந்திர சோழன் காலத்தில் கற்கோயிலாகக் கட்டியது என்று போட்டிருக்கிறீர்கள், சரி. அதே கோயில் கல்வெட்டு, கட்டச் சொன்ன சதுரானன பண்டிதர் பெயரையும் சொல்கிறது, கட்டிய ரவி என்கிற வீரசோழத் தச்சன் பெயரையும் சொல்கிறது. தூங்கானை மாடமாக, பின்பக்கம் வளைந்து நிற்கும் அந்தக் கருங்கல் விமானத்தைச் சுற்றி வரும்போது அந்த வளைவில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், கல்லைக் கல்லோடு எப்படிச் சேர்த்திருக்கிறான் என்று தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டினவனுக்கு, வேலை செய்தவன் பெயரையும் போட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. உங்கள் பலகையில் ராஜா மட்டும் இருக்கிறார்.

கலிய நாயனார் கதையும் அப்படித்தான். ‘இவ்வூரில் அவதரித்த நாயன்மார்’ என்று ஒரு வரியோடு முடித்துவிட்டீர்கள். இந்த ஊர் எண்ணெய் வாணிகர் அவர். சொத்தெல்லாம் விளக்குக்கே கரைந்துபோன பிறகு, அடுத்தவர் செக்கில் கூலிக்கு உழைத்து, வந்த கூலியில் எண்ணெய் வாங்கிக் கோயில் விளக்கை எரியவிட்டவர் என்று புராணமே சொல்கிறது. அறுபத்து மூவரில் இந்த ஊர்க்காரர் ஒரு கூலித் தொழிலாளி. இதைப் பலகையில் போட்டால் கோயிலுக்கு என்ன குறைந்துவிடும்? பாணினி இலக்கணம் பயிலும் மண்டபத்துக்கு நிலம் விட்ட கல்வெட்டு, ஏழுகிணற்றிலிருந்து வள்ளலார் இங்கே வந்து வந்து வணங்கியது, வீணை குப்பையர் அழைத்துத் தியாகராஜ சுவாமிகள் இந்த அம்மனைப் பாடியது, எதுவுமே இல்லை. கோயில் கோயில் என்று சொல்லிக்கொண்டே கோயிலையும் பாதியில் விட்டிருக்கிறீர்கள்.

சரி, கடலுக்கு வருவோம்.

சென்னைத் துறைமுக வேலை 1875-இல் தொடங்கியது. 1881 புயலில் அதன் அலைதடுப்புச் சுவர் உடைந்து போய், மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையோரமாக வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும், வடகிழக்குப் பருவக்காற்று நேரத்தில் கொஞ்சம் திரும்பி வரும். கடலுக்குள் சுவர் நீட்டியதும் வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தங்க ஆரம்பித்தது. அப்படிச் சேர்ந்த மணலில்தான் இன்றைக்கு மெரினா அவ்வளவு அகலமாகக் கிடக்கிறது. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு, அழகு பார்த்துப் பெயரும் வைத்தார். சுவருக்கு வடக்கே மணல் வரத்து நின்றது. அலை கொண்டுபோனதை ஈடுகட்ட எதுவும் வரவில்லை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கரை வரிசையாகக் கரைந்தது. இது எங்கள் குப்பத்துப் புலம்பல் இல்லை, கடலோரப் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுக்கிற விஷயம். மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது நீங்கள் உட்கார்ந்திருப்பது எங்கள் பக்கம் வந்து சேர வேண்டிய மணலில். சண்டைக்குச் சொல்லவில்லை, பலகையில் ஒரு வரியாகப் போட லாயக்கான விஷயம் என்றுதான் சொல்கிறேன்.

இந்த ஊரில் நடந்த மிகப் பெரிய சம்பவம் எது என்று கேட்டால், ஒரு ராஜா வந்ததையும் சொல்ல மாட்டேன், ரயில் வந்ததையும் சொல்ல மாட்டேன். கரை பின்வாங்கியதைத்தான் சொல்வேன். அது ஒரு நாளில் நடக்கவில்லை என்பதால் யாரும் தேதி குறித்து வைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வரிசை வீடு போகும். அடுத்த வருஷம் அதற்குப் பின்னால் இருந்த வரிசை முன்வரிசையாகிவிடும். அம்மன் கோயிலைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். அப்புறம் மறுபடியும் தூக்கி வைப்பார்கள்.

என் அப்பா ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் ஒவ்வொரு நெகடிவ்வையும் பட்டர் பேப்பர் உறையில் போட்டு, பென்சிலால் பில் நம்பர், ஆள் பெயர், இடம் மூன்றும் எழுதி வைப்பார். இடம் எழுதியது மறு பிரதி கேட்டு வருகிறவர்களுக்காக, வேறெதற்கும் இல்லை. இன்று அந்தப் பென்சில் எழுத்துத்தான் சில தெருக்களுக்கு மிச்சம் இருக்கிற ஒரே பதிவு. சில வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆயா வந்தார், கல்யாணப் படம் வேண்டும் என்று. தேடி எடுத்து, ஸ்கேன் பண்ணி, மாப்பிள்ளை பொண்ணு முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி சரிபண்ணிக்கொண்டிருந்தேன். ஆயா ஸ்கிரீன் பக்கத்தில் வந்து, ‘என் மூஞ்சி எதுக்கு தம்பி, பின்னால வூடு தெரியுதா பாரு’ என்றார். தெரிந்தது. ஓட்டு வீடு, திண்ணை, திண்ணையில் சாய்த்து வைத்த துடுப்பு, வாசல் நிலைக்கு மேலே சுண்ணாம்பில் கையால் எழுதிய கதவு எண். அதற்குப் பின்னால் ஒரு தெரு, தெருவுக்கும் பின்னால் மணல், அதற்கும் பின்னால்தான் கடல் ஒரு கோடு மாதிரி. மாற்று வீட்டுக்காக ஓர் அலுவலகத்தில் நீங்கள் அங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பட்டா கிடையாது. ரேஷன் கார்டு தண்ணீரில் போயிற்று. வீடு இருந்த இடத்தைப் போய்க் காட்டலாம் என்றால் அங்கே இப்போது ஆளை மூழ்கடிக்கிற ஆழம். கதவு எண் மட்டும் தெரிகிற மாதிரி பெரிதாக்கி ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, ஆயா இரண்டு நாள் கழித்து ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாடு கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் படத்தின் நெகடிவ்வில் எடுத்த பிரதியும் உங்கள் காக்கிக் கவருக்குள் இருக்கிறது. ‘தேவையில்லை.’ உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம்.

அதனால்தான் இது வெறும் பெருமை விஷயம் இல்லை என்கிறேன். கோயிலுக்கு ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு இருக்கிறது, நீங்கள் பலகை வைக்காவிட்டாலும் அது நிற்கும். குப்பத்துத் தெருவுக்குக் கல்வெட்டும் இல்லை, பட்டாவும் இல்லை, சொல்லத் தெரிந்த தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் ஊர் வரலாறு என்று முத்திரை போட்டு ஒரு பலகை வந்து, அதில் அந்தத் தெருக்கள் இல்லை என்றால், நாளைக்கு ஓர் அதிகாரி அந்தப் பலகையைக் காட்டியே இங்கே அப்படி ஒன்று இருந்ததே இல்லையே என்று சொல்லிவிடுவார்.

பிறகு கல் கொட்டினார்கள். எண்ணூர் விரைவுச் சாலையைக் காப்பாற்றக் கருங்கல் சுவர், அப்புறம் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள். அதனால் சில இடங்களில் மணல் திரும்பச் சேர்ந்தது, உண்மைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல் கொட்டிய இடத்தில் கட்டுமரமோ பைபர் படகோ ஏற்ற முடியாது. வலை காயவைக்க, மீன் உலர்த்த, பிள்ளைகள் வாலிபால் விளையாட இருந்த மணல் இல்லாமல் போனது. பட்டினத்தார் சமாதியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ‘அமைதியான கடற்கரையில்’ என்று. எழுதியவர் அங்கே போய் எத்தனை வருஷமாயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே சாலையைக் கடந்துதான் கரைக்கே போக வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமி உங்கள் பலகைகளில் இல்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, இந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் மீனவர்களும் பக்கெட்டால் அந்தக் கரிய கூழை வாரிக்கொண்டிருந்தார்களே, உலகமே டிவியில் பார்த்ததே, அதுவும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்ததும் இல்லை. அழுகை வேண்டாம் என்றவர்களுக்குச் சொல்கிறேன், இதெல்லாம் அழுவதற்காகக் கேட்கவில்லை. தேரோட்டம் நடந்தது என்று எழுதுகிற மாதிரி இதையும் நடந்தது என்று எழுதுங்கள், போதும்.

தொழிற்சாலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வாதம் செய்யவே தேவையில்லை. பிற்காலத்தில் எம்.ஆர்.எஃப். ஆன கம்பெனி 1946-இல் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது இந்தத் திருவொற்றியூரில். 1955 முதல் என்ஃபீல்டு புல்லட் இங்கே தயாரானது. ராணுவத்துக்குப் போன வண்டிகள் நம் ஊர் ஆள் கையால் பூட்டியவை. விம்கோ தீப்பெட்டி ஆலை இருந்ததால்தான் அந்த நகருக்கே அந்தப் பெயர், இன்று மெட்ரோ ஸ்டேஷனும் அந்தப் பெயரோடுதான் நிற்கிறது. மெட்ரோவைப் பற்றிப் பெரிய பலகை வைக்கிற நீங்கள், வண்டி போய்ச் சேருகிற ஸ்டேஷனுக்கு ஏன் தீப்பெட்டிக் கம்பெனி பெயர் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை! காலடிப்பேட்டையும் அப்படியே. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர் அது. தறிக்காரர்கள், செக்குக்காரர்கள், கட்டுமரக்காரர்கள், அப்புறம் லேத்தில் நின்றவர்கள். இந்த ஊர் எப்போதும் வேலை செய்கிறவர்கள் ஊர்தான். சங்கு ஊதினால் சைக்கிள் மணிச் சத்தத்தில் தெரு அடைத்துப் போகும், மாதக் கடைசியில் எங்கள் ஸ்டூடியோவில் கம்பெனி அடையாள அட்டைக்கு போட்டோ எடுக்க ஆள் நிற்கும். அந்த முகங்களெல்லாம் என்னிடம் இருக்கின்றன, உங்களுக்கு வேண்டாம் என்றாகிவிட்டது.

குழுவில் சிலர் நல்ல மனதோடு இறங்கி வேலை செய்வதும் எனக்குத் தெரியும், நன்கொடை கேட்டு வெயிலில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2011-இல் நகராட்சி போய் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு நம் ஊருக்கென்று தனி அடையாளம் வேண்டும் என்ற அவர்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. அதற்காக ஊரில் பாதியை வெட்டிவிட்டுப் படத்துக்குச் சட்டம் போட முடியாது.

இப்போது நான் கேட்பவை.

முதல் வேலையாக அந்த ‘இறுதி’ முத்திரையை எடுங்கள். அச்சுக்குக் கொடுத்திருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். வாசகத்தைக் கல்யாண மண்டபத்தில் வாசித்தால் போதாது. பலகைத்தொட்டிக் குப்பம், ஒண்டிக்குப்பம், திருச்சினாங்குப்பம், கே.வி.கே. குப்பம் என்று ஒவ்வொரு குப்பத்திலும் பஞ்சாயத்தார் கூடும் இடத்தில், ஆண்கள் கடலுக்குப் போகாத நாளில், மீன் விற்கும் பெண்கள் வீடு திரும்பிய பிறகு, உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தத்தைக் குறித்துக்கொள்ள ஓர் ஆளை உட்கார வையுங்கள்.

கடலரிப்புக்கு என்று தனிப் பலகை வேண்டும். மூலையில் ஒரு வரி சேர்த்துவிட்டால் ஆகாது. பழைய நில அளவை வரைபடங்களில் கரை எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுங்கள். துறைமுகச் சுவருக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பூசி மெழுகாமல் எழுதுங்கள். போன தெருக்களின் பெயர்களைக் குப்பத்துப் பெரியவர்கள் வாயால் கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே போடுங்கள். அந்தப் பலகை சந்நிதித் தெருவில் வேண்டாம், கடலைப் பார்த்து, பட்டினத்தார் சமாதிப் பக்கம் வையுங்கள். ஆனால் தயவுசெய்து வலை காயப்போடும் இடத்தில் குழி தோண்டாதீர்கள், எங்கே நடலாம் என்று அவர்களையே கேளுங்கள்.

கோயில் பலகையில் வீரசோழத் தச்சன் பெயரும், கலிய நாயனார் கூலிக்கு உழைத்த கதையும் வர வேண்டும். விம்கோ நகர் ஸ்டேஷன் பக்கம் ஆலைத் தொழிலாளிகளுக்கு ஒரு பலகை, முதலாளி படம் இல்லாமல். காலடிப்பேட்டையில் நெசவாளர்களுக்கு இரண்டு வரி.

என்னிடம் இருக்கும் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி இலவசமாகத் தருகிறேன், ஒரு நிபந்தனையோடு. குழுவின் அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது. ஊர் நூலகத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும். தன் வீடு தெரிகிற படத்தைக் கேட்டு வருகிறவருக்குக் காசு வாங்காமல், மனு எழுதச் சொல்லாமல், பிரிண்ட் கொடுக்க வேண்டும்.

அப்புறம், இதற்குப் பதிலை எழுத்தில் கொடுங்கள், கையெழுத்தோடு. போனில் கூப்பிட்டு ‘வாங்க, டீ சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்’ என்றால் வர மாட்டேன். இதில் எதையெல்லாம் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், செய்யாவிட்டால் என்ன காரணம் என்று எழுதி, நோட்டீஸாக ஒட்டுங்கள், தேரடியில் ஒன்று, ஒவ்வொரு குப்பத்து ஏலக் கூடத்திலும் ஒன்று. கூட்டத்தில் துண்டை உதறிவிட்டு உட்கார்ந்த பெரியவர் வீட்டுக்கு மட்டும் நேரில் போய்ச் சொல்லுங்கள், தெருப்பெயர்களில் பாதிக்கு மேல் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
தேரடி ஸ்டூடியோக்காரன்
திருவொற்றியூர்